மேல் இமை, கீழ் இமை: ஒரே பெயரில் இரண்டு அறுவைகள்

உலகம் முழுவதும் அழகுக்காகச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளில் 2024ஆம் ஆண்டு முதலிடத்துக்கு வந்தது இமை அறுவை. அழகியல் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களின் சர்வதேச சங்கம் வெளியிட்ட கணக்கின்படி அந்த ஓராண்டில் மட்டும் 21 லட்சத்துக்கும் மேற்பட்டவை நடந்தன. அதுவரை முன்னால் நின்ற கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை இரண்டாம் இடத்துக்குப் போனது. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் ஐம்பதைக் கடந்தவர்கள் இதைப் பற்றி வெளிப்படையாக விசாரிக்கும் காலம் வந்துவிட்டது. விசாரிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “கண் இமை ஆபரேஷன் செய்துகொண்டால் எத்தனை நாளில் சரியாகும்?”

எந்த இமை என்று தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. மேல் இமையில் செய்வது பெரும்பாலும் தோலைக் குறைக்கும் வேலை. கீழ் இமையில் செய்வது கொழுப்பையும் இமையைத் தாங்கி நிற்கும் கட்டுமானத்தையும் தொடும் வேலை. மேல் இமை சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும், கீழ் இமை பொறுக்காது. எதிர்பார்ப்பு, தேறும் காலம், ஆபத்து மூன்றும் இதனால் மாறுகின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்து முடிவெடுப்பவர்களுக்குத்தான் பின்னால் ஏமாற்றம் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதற்கடியில் கண்ணை மூடும் வட்டத் தசை, அடுத்து ஒரு தடுப்புச் சவ்வு, சவ்வுக்குப் பின்னால் கண்குழியின் கொழுப்பு. இதுவரை இரண்டு இமைக்கும் பொது. மேல் இமைக்கு அதைத் தூக்குவதற்கென்றே வலுவான தசை ஒன்று தனியாக உண்டு. கீழ் இமைக்கு அந்த வசதி இல்லை. இரண்டு பக்கமும் கட்டிய தூளியைப் போல, மூக்கோரத்திலும் கடைக்கண்ணிலும் எலும்போடு கட்டப்பட்ட நாண்களின் இழுப்பில்தான் அது விழியோடு ஒட்டி நிற்கிறது. கண்ணை மூட மேல் இமை கீழே இறங்க வேண்டும், அதற்குப் புவியீர்ப்பு துணை நிற்கிறது. கீழ் இமையையோ அதே ஈர்ப்பு நாள் முழுக்க விழியிலிருந்து பிரித்து இழுக்கப் பார்க்கிறது. அறுத்த இடத்தில் வடு சுருங்கினால் அந்தச் சுருக்கமும் அதே திசையில்தான் இழுக்கும். கீழ் இமை அறுவையில் மருத்துவர்கள் ஏன் அவ்வளவு அஞ்சி அஞ்சிக் கத்தி வைக்கிறார்கள் என்பதற்கு இதுவே காரணம்.

கொழுப்பிலும் வேறுபாடு உண்டு. மேல் இமையில் கொழுப்பு இரண்டு அறைகளில் இருக்கிறது, மூன்றாவது இருந்திருக்க வேண்டிய வெளிப்புறத்தில் கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது. கீழ் இமையில் மூன்று அறைகள். அறுவை மருத்துவர் சால்வடோர் காஸ்டனாரெஸ் 1951இல் இந்த அறைகளை விரிவாக எழுதிய பிறகே இமை அறுவைக்கு ஒரு தெளிவான வரைபடம் கிடைத்தது. கீழ் இமையின் உள் அறைக்கும் நடு அறைக்கும் நடுவே விழியை அசைக்கும் தசை ஒன்று குறுக்காக ஓடுகிறது. கொழுப்பை எடுக்கும்போது அது காயப்பட்டால் காண்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். மேல் இமையின் வெளிப்புறத்தில் கண்ணீர்ச் சுரப்பியைக் கொழுப்பென்று நினைத்து வெட்டிவிடக் கூடாது.

வயது ஏறும்போது மேலே என்ன நடக்கிறது? தோல் தளர்ந்து மடிப்புக்கு மேல் சரிகிறது. புருவமும் மெல்ல இறங்குகிறது. சிலருக்கு அந்தத் தோல் இமை மயிர்மேல் படுத்து, பக்கவாட்டுப் பார்வையைக்கூட மறைக்கும். அவர்கள் தம்மை அறியாமலே நெற்றியைச் சுருக்கிப் புருவத்தை உயர்த்திப் பார்ப்பார்கள், மாலையானால் நெற்றி வலிக்கும். கீழே நடப்பது வேறு. தடுப்புச் சவ்வு தளர, பின்னால் இருக்கும் கொழுப்பு முன்னால் பிதுங்குகிறது. கன்னத்தின் சதை இறங்க, பிதுங்கிய பைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் விழுகிறது. நன்றாகத் தூங்கி எழுந்தாலும் “ஏன் சோர்வாக இருக்கிறீர்கள்?” என்று மற்றவர்கள் கேட்பது இந்தப் பள்ளத்தின் நிழலால்தான்.

மேல் இமை தொங்குகிறது என்று வருகிறவருக்கு உண்மையில் மூன்றில் ஒன்று இருக்கலாம். தோல் மிகுந்திருக்கலாம். தூக்கும் தசை தளர்ந்து இமையின் விளிம்பே கீழே இறங்கியிருக்கலாம். புருவம் சரிந்திருக்கலாம். பார்க்க மூன்றும் ஒன்று போலவே இருக்கும். தசை தளர்ந்தவருக்குத் தோலை மட்டும் வெட்டினால் தையல் பிரித்த பிறகும் கண் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும், அவருக்கு வேண்டியது தசையை இறுக்கும் வேறு அறுவை. புருவம் சரிந்தவருக்குத் தோலை வெட்டினால் புருவம் இன்னும் இறங்கி இமையின்மேல் உட்கார்ந்துவிடும். கருவிழியின் நடுவில் விழும் ஒளிப்புள்ளியிலிருந்து மேல் இமை விளிம்பு வரை இயல்பாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதை ஒரு சாதாரண அளவுகோலால் அளந்து பார்ப்பதிலேயே பாதிக் குழப்பம் தீரும். காலையில் நன்றாக இருந்து மாலையில் இமை விழுகிறது என்றால் கத்தியை எடுப்பதற்கு முன் நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தசைக் களைப்பு நோயான மயஸ்தீனியா இப்படித்தான் தலைகாட்டும்.

கீழ் இமையில் குழப்பம் இதைவிட அதிகம். நம் ஊரில் கீழ் இமைக்காக வருகிறவர்களில் பலர் சொல்லும் குறை பையைப் பற்றியது அல்ல, கருவளையத்தைப் பற்றியது. தென்னாசியர்களின் தோலில் கண்ணைச் சுற்றிக் கருமை படிவது மிக இயல்பு. பல குடும்பங்களில் பாட்டியிடமிருந்து பேத்தி வரை வரும். அந்தக் கருமை தோலின் நிறமியில் இருந்தால் கொழுப்பை எடுத்தாலும் தோலை இழுத்துத் தைத்தாலும் அப்படியேதான் இருக்கும். பையின் நிழலால் வந்த கருமையென்றால் அறுவைக்குப் பிறகு குறையும். வேறுபடுத்த எளிய வழி உண்டு: கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வெளிச்சம் நேர் முகத்தில் விழும்படி முகத்தைத் தூக்கிப் பாருங்கள். நிழல் மறையும், நிறமி மறையாது. இன்னொரு குழப்பம், கன்ன எலும்பின் மேல் நீர் கோத்து நிற்கும் வீக்கம். உப்பு அதிகம் சாப்பிட்ட மறுநாள் காலையில் பெருத்து மாலையில் வற்றும் இந்த வீக்கம் இமையின் கொழுப்புப் பை அல்ல. இமை அறுவையால் அது போகாது, சிலருக்குக் கொஞ்சம் கூடவும் செய்யும். தைராய்டு, சிறுநீரகம், ஒவ்வாமை ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். தைராய்டு நோயால் கண் பிதுங்கியவருக்கு நோய் அடங்கி நிலைக்கும் வரை அழகுக்கான இமை அறுவை கூடவே கூடாது.

அறுவைக்கு முன் செய்யும் சோதனைகளும் இரண்டு விதம். மேல் இமையில் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. நோயாளியை உட்கார வைத்து, கண்ணை லேசாக மூடச் சொல்லி, இயற்கையான மடிப்பில் பேனாவால் கோடு போடுவார்கள். பிறகு மிகுந்த தோலை இடுக்கியால் கிள்ளிப் பார்த்து மேல் கோடு போடுவார்கள். புருவத்துக்கும் இமை மயிருக்கும் நடுவே மொத்தம் 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும் என்பது தலைமுறையாகக் கைக்கொள்ளும் விதி. அதற்குக் குறைந்தால் கண் முழுதாக மூடாது. படுக்க வைத்துக் கோடு போட்டால் புருவம் மேலே போய்க் கணக்கு தப்பும். இந்தக் கோட்டுக்குச் செலவிடும் பத்து நிமிடம், பின்னால் வெட்டும் நேரத்தைவிட முக்கியம்.

கீழ் இமையில் அளவைவிட இழுவை முக்கியம். இமையை விரலால் கீழே இழுத்து விட்டுப் பார்ப்பார்கள். கண் சிமிட்டாமலே அது சட்டென்று விழியோடு ஒட்ட வேண்டும். ஒட்டாமல் தயங்கினால் நாண் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவருக்குக் கடைக்கண்ணில் இமையை எலும்புறையோடு சேர்த்து இறுக்கும் தையலும் போட வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கீழ் இமை அறுவைக்கு நாள் குறிக்கும் மருத்துவரிடம் நான் யாரையும் அனுப்ப மாட்டேன். கண் உலர்வு இரண்டு இமைக்கும் பொதுவான எச்சரிக்கை. கண் எரிச்சல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல் உள்ளவர்கள் கண்ணீர் அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டும். லேசிக் செய்துகொண்டவர்கள் குறைந்தது ஆறு மாதம் பொறுக்க வேண்டும்.

மருந்துகளைப் பற்றி ஒளிவுமறைவு கூடாது. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டும். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரைகளும் அப்படியே. இவற்றையும் நாட்டு மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் ஓர் அழகு அறுவைக்காகத் தானாகவே மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இதய மருத்துவர் நிறுத்தக் கூடாது என்றால் அறுவையைத்தான் நிறுத்த வேண்டும்.

அறுவை நாளன்று மேல் இமைக்காரருக்குப் பாடு குறைவு. மரத்துப்போகும் ஊசி போடும்போது சில நொடி எரியும், அவ்வளவுதான். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். பேசிக்கொண்டே இருக்கலாம், கண்ணைத் திறந்து மூடச் சொல்லிச் சரிபார்ப்பார்கள், அன்றே வீடு திரும்பலாம். கீழ் இமைக்கு ஊசியோடு தூக்க மருந்தோ, சில சமயம் முழு மயக்கமோ தேவைப்படும், நேரமும் கூடும். கத்தி நுழைய இரண்டு வழி உண்டு. ஒன்று, இமை மயிருக்குச் சற்றுக் கீழே வெளித்தோலில். மற்றொன்று, இமையின் உட்புறச் சிவந்த படலத்தில். இந்த உள்வழியை 1920களிலேயே பாரிஸின் ஜூலியன் பூர்கே எழுதிவிட்டார், ஆனால் பரவலாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. வெளியே வடு தெரியாது, இமை கீழே இழுபடும் அபாயமும் குறைவு. ஆனால் மிகுந்த தோலை அதன் வழியே எடுக்க முடியாது. ஆகவே தோல் தளராத, கொழுப்பு மட்டும் பிதுங்கிய இளம் வயதினருக்கு அது பொருந்தும்.

எவ்வளவு கொழுப்பை எடுப்பது என்பதிலும் காலம் மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் பிதுங்கியதையெல்லாம் எடுத்தார்கள். அப்போதைக்கு நன்றாகத் தெரிந்த கண் பத்துப் பதினைந்து ஆண்டில் குழி விழுந்து, நோயாளிபோல் ஆனது. பிரேசிலின் ராவுல் லோப் 1981இல், அமெரிக்காவின் சாம் ஹம்ரா 1995இல், கொழுப்பை எறியாமல் கீழே இருக்கும் பள்ளத்துக்குள் நகர்த்தி நிரவும் முறைகளை எழுதினார்கள். இன்று நல்ல மருத்துவர்கள் இமைக்குள் எதை விட்டுவைப்பது என்பதில்தான் அதிகக் கவனம் வைக்கிறார்கள்.

இனி வீட்டுக்கு வந்த பிறகு. முதல் இரண்டு நாள் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்று போலவே கழியும். தலையை இரண்டு மூன்று தலையணையில் உயர்த்திப் படுக்க வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தடவை பத்து நிமிடம் குளிர் ஒத்தடம். ஐஸ் நேரடியாகத் தோலில் படக் கூடாது, மரத்திருக்கும் தோல் புண்ணாவது தெரியாது. வலி பெரும்பாலும் பாராசிட்டமாலுக்கு அடங்கும். ஆயின்ட்மென்ட் போடுவதால் பார்வை கொஞ்சம் மங்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். மூன்றாம் நாள் காலையில் வீக்கம் உச்சத்தில் இருக்கும். கண்ணாடியைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பும் மருத்துவருக்கு நோயாளி பிறகு நன்றி சொல்வார்.

அங்கிருந்து பாதை பிரிகிறது. மேல் இமைக்காரருக்கு ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தையல் பிரிப்பார்கள். அறுத்தது மேலே என்றாலும் ரத்தக்கட்டு கீழ் இமைக்கு இறங்கி அங்கே நீலமாகத் தெரியும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். பத்து நாளில் அது மஞ்சளாகி மறையத் தொடங்கும். ஒரு வாரம், பத்து நாளில் அலுவலகம் போய்விடலாம். இமை மயிர் ஓரம் சில வாரங்கள் மரத்துப்போயிருக்கும். முதல் சில நாள் தூங்கும்போது கண் முழுக்க மூடாமல் ஒரு கீற்று திறந்திருப்பதும் உண்டு, இரவில் ஜெல் போட்டுக் காப்பாற்றலாம். ஒரு கண் பெரிதாகவும் மறுகண் சிறிதாகவும் தெரிவது முதல் ஒரு மாதத்தில் மிக இயல்பு. வீக்கம் இரு பக்கமும் ஒரே வேகத்தில் வடிவதில்லை. வடு இரண்டு மூன்று மாதம் சிவந்திருந்து பிறகு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். இமைத் தோலில் தழும்பு தடித்து வளர்வது அரிது.

கீழ் இமைக்காரருக்குப் பொறுமை இரண்டு மடங்கு வேண்டும். ரத்தக்கட்டு கன்னம் வரை இறங்கும், இரண்டு வாரம் நிற்கும். மாநிறம், கருநிறம் உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் பழுப்புக் கறை இன்னும் சில வாரங்கள் தங்கலாம். இமை சோர்ந்து கண்ணீரை உள்ளே தள்ளாததால் தாரை தாரையாகக் கண்ணீர் வழியும். சிலருக்கு வெண்விழியின் மேல் இருக்கும் படலம் நீர் கோத்து, ஜெல்லி போலப் பிதுங்கி, இமை விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்க்கும். பயமுறுத்தும் காட்சிதான், என்றாலும் பெரும்பாலும் சொட்டு மருந்திலும் ஆயின்ட்மென்டிலும் அடங்கிவிடும். அதற்கு நாட்கள் ஆகலாம், வாரங்களும் ஆகலாம். கொழுப்பை நகர்த்தியிருந்தால் கன்னத்தின் மேல் கெட்டியாகக் கட்டி போலத் தட்டுப்படும், இரண்டு மூன்று மாதத்தில் இளகும். இமை கொஞ்சம் கீழே இழுபட்டு வெண்விழி கூடுதலாகத் தெரிந்தால், விரலால் மேல்நோக்கித் தடவச் சொல்லித் தருவார்கள். அந்தப் பயிற்சியை எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முடிவான தோற்றம் மூன்று மாதத்துக்கு முன் தெரியாது, ஆறு மாதம் ஆவதும் உண்டு. இடையில் வரும் கல்யாண வீட்டுப் புகைப்படத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

இரண்டு வாரத்துக்குக் குனிந்து கோலம் போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, முக்கி மலம் கழிப்பது, தலைகீழ் யோகாசனம் எல்லாம் விலக்கு. முகத்தில் ரத்த அழுத்தம் ஏறினால் கசிவு வரும். மலச்சிக்கல் இருந்தால் முன்கூட்டியே மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குளியல், கண் மை, கான்டாக்ட் லென்ஸ் ஆகியவையும் அந்த இரண்டு வாரம் வேண்டாம். நம் வெயிலில் குளிர்க்கண்ணாடி இல்லாமல் வெளியே போனால் வடு கறுக்கும். தொலைபேசியையும் தொலைக்காட்சியையும் உற்றுப் பார்க்கும்போது சிமிட்டுவது குறைந்து கண் உலரும்.

ஆபத்துகளைத் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும். மேல் இமையில் தோலை அதிகம் எடுத்துவிட்டால் கண் மூடாது, கருவிழி உலர்ந்து புண்ணாகலாம். குறைவாக எடுத்துவிட்டால் பிறகு இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம், அது பெரிய தவறு அல்ல. கீழ் இமையில் தோலோ கொழுப்போ அதிகம் போய்விட்டால் இமை வெளிப்புறமாகப் புரளும், அல்லது கண் உருண்டையாகத் தெரியும், அல்லது குழி விழும். இவற்றைச் சரிசெய்யக் கடைக்கண்ணை இறுக்குவது, மேல்வாய் அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டுவது, வேறிடத்துக் கொழுப்பை ஊசியால் நிரப்புவது என்று முதல் அறுவையைவிடக் கடினமான வேலைகள் தேவைப்படும்.

இரண்டுக்கும் பொதுவான, மிக அரிதான, ஆனால் ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாத ஆபத்து விழிக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது. ஏறத்தாழ 2000 பேரில் ஒருவருக்கு இது நேர்கிறது. பார்வை நிரந்தரமாகப் போவது அதிலும் மிகச் சிலருக்கே. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள், கொழுப்பைத் தொட்ட அறுவைகளில் வருகிறது. ஒரு கண்ணில் மட்டும் கடுமையான வலி, கண் பிதுங்கிக் கல்லாக இறுகுவது, பார்வை இருள்வது ஆகியவை அறிகுறிகள். காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. கடைக்கண்ணில் ஒரு வெட்டு வைத்து அழுத்தத்தை இறக்கினால் பார்வையைக் காப்பாற்றலாம், அதற்குக் கையில் இருப்பது ஓரிரு மணி நேரம்தான். ஆகவே அறுவை நடந்த இரவில் மருத்துவமனையில் யாரை அழைப்பது என்ற எண் வீட்டில் இருப்பவர் கையில் இருக்க வேண்டும். வெளியூரில் செய்துகொண்டவர்கள் அன்றிரவே பேருந்து ஏற வேண்டாம். இரண்டு கண்ணையும் கட்டி அனுப்பினால் பார்வை மங்குவது தெரியாமல் போய்விடும், அதனால்தான் பெரும்பாலான மருத்துவர்கள் கட்டுப் போடுவதில்லை.

செலவிலும் மேல் இமைக்கு ஒரு தனி வழி உண்டு. தொங்கும் தோல் பார்வையை மறைக்கிறது என்று பார்வைப்புலச் சோதனை காட்டினால், இமையைப் பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டியபோது அந்தப் புலம் விரிகிறது என்றும் நிரூபித்தால், அமெரிக்காவில் காப்பீடு ஏற்கும். கீழ் இமைப் பைக்கு அப்படிப்பட்ட நியாயம் எதுவும் இல்லை, ஏனென்றால் அது எந்தப் பார்வையையும் மறைப்பதில்லை. இந்தியாவில் அழகுக்கான சிகிச்சையை மருத்துவக் காப்பீடு பொதுவாக விலக்கிவிடுகிறது. மருத்துவத் தேவை என்று எழுத்தில் உறுதிசெய்தால் பேசிப் பார்க்கலாம். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் இமைக்கென்றே ஆக்குலோபிளாஸ்டி பிரிவு இருக்கிறது. அழகு நிலையத்தை ஒட்டிய கிளினிக்குக்குப் போகும் முன், இமையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம்.

பலன் எத்தனை காலம்? மேல் இமையில் தோல் மறுபடி தளரும், புருவமும் இறங்கும், ஆகவே ஏழெட்டு ஆண்டில் பழைய சாயல் கொஞ்சம் திரும்பலாம். கீழ் இமையில் எடுத்த கொழுப்பு பொதுவாக மறுபடி வராது, பலன் அதைவிட நீடிக்கும். ஆனால் செய்த பிழையும் அதே அளவு நீடிக்கும். பள்ளம் மட்டும் உள்ளவர்கள் அறுவைக்குப் பதிலாக ஹையலூரானிக் அமில ஊசியால் நிரப்பிக்கொள்வது உண்டு. பிடிக்காவிட்டால் கரைக்கும் மருந்து இருக்கிறது. பெரிய பை உள்ளவருக்கு அந்த ஊசி உதவாது.

இரண்டு இமையையும் ஒரே நாளில் செய்துகொள்ளலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், மயக்கமும் செலவும் ஒரு தடவையோடு முடியும். ஆனால் விடுப்பைக் கீழ் இமையின் கணக்கில்தான் எழுத வேண்டும்: இரண்டு வாரம் வெளியே தலைகாட்டாமல், மூன்று மாதம் முடிவை எதிர்பார்க்காமல். ஏற்கெனவே கண் உலர்வு உள்ளவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்யாமல், மேல் இமையை மட்டும் முதலில் முடித்துக்கொண்டு, கண் எப்படி ஆறுகிறது என்று சில மாதம் பார்த்துவிட்டுக் கீழ் இமைக்கு நாள் குறிப்பது நல்லது. அந்த இடைவெளியில் மேல் இமை திறந்து முகம் தெளிந்துவிட்டதால் கீழ் இமையை விட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள்.